அமெரிக்க ராணுவ சிஐடி வேலை எப்படி? அண்ணன் மகன் போகலாமா?

#1 டல்லாஸ் சித்தப்பா

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் மகன் அமெரிக்க ராணுவத்தில் மிலிட்டரி போலீஸாக இருக்கிறான். கேட்டில் நின்று அடையாள அட்டை பார்ப்பது, பேரக்ஸில் குடித்துவிட்டுச் சண்டை போட்டால் விலக்குவது, இதுதான் இதுவரை வேலை. இப்போது சிஐடிக்கு, அதாவது ராணுவத்தின் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கு மாறி ஸ்பெஷல் ஏஜென்ட் ஆகப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். யூனிஃபார்ம் கிடையாது, கோட்டு சூட்டு, கொலை வழக்கு, மோசடி வழக்கு என்று ஒரே கனவு. அண்ணிக்கு ஒரே கேள்விதான்: ஆபத்து கூடுமா, குறையுமா? எனக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம் அதிகம். நிஜமாக என்ன வேலை, எங்கெல்லாம் போடுவார்கள், அடிக்கடி மாற்றுவார்களா, வெளியே வந்தால் மதிப்பு உண்டா? டிவி தொடரில் பார்த்ததை யாரும் சொல்ல வேண்டாம். அதையெல்லாம் அவனே போதுமான அளவு பார்த்துவிட்டான்.

#2 சும்மா வந்தவன்

டிவியில் வருகிறவர்கள் கடற்படை ஆட்கள், என்சிஐஎஸ். ராணுவ சிஐடி வேறு கடை. விமானப்படைக்கு இன்னொன்று இருக்கிறது. தெரிந்தது இவ்வளவுதான், மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன்.

#3 பழைய பூட்ஸ்

சித்தப்பா, நான் சிஐடியில் இருந்தவன் இல்லை. அதே ராணுவத்தில் சில காலம் சப்ளை யூனிட்டில் இருந்தேன். ஸ்டோர் திருட்டு ஒன்றில் சாட்சி சொல்லப் போனபோது அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிப்பது பழக்கமாகிவிட்டது.

சின்ன அடிதடி, சில்லறைத் திருட்டு எல்லாம் மிலிட்டரி போலீஸின் சொந்த விசாரணை ஆட்களோடு முடிந்துவிடும். ஒரு வருடத்துக்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய குற்றம் என்றால்தான் சிஐடி: கொலை, பாலியல் வன்முறை, குழந்தைகள் மீதான குற்றம், போதைப்பொருள், பெரிய மோசடி. இன்னொன்றை வேலைக்கு ஆள் எடுப்பவர் சொல்ல மாட்டார். போரில் அல்லாமல் ஒரு சிப்பாய் எப்படி இறந்தாலும் சிஐடி போய்ப் பார்த்தாக வேண்டும். பயிற்சியில் வண்டி கவிழ்ந்தாலும் சரி, தற்கொலை என்றாலும் சரி. புது ஏஜென்ட் அதிகம் பார்ப்பது கொலை மர்மம் இல்லை. இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளைகளின் சாவும், பாலியல் புகார்களும்தான். அண்ணி கேட்ட ஆபத்து துப்பாக்கியில் இல்லை, தூக்கத்தில்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சேர்வதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், குடியுரிமை வேண்டும், கல்லூரியில் 60 கிரெடிட் வேண்டும், டாப் சீக்ரெட் அனுமதிக்கான பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். ராணுவ ஏஜென்டுகளை மிசௌரியில் ஃபோர்ட் லெனர்ட் வுட் மிலிட்டரி போலீஸ் பள்ளியில் பழக்கினார்கள். சிவிலியன் ஏஜென்டுகள் ஜார்ஜியாவில் கிளின்கோ பயிற்சி மையத்துக்குப் போகிறார்கள். மற்ற மத்திய அரசு அமைப்புகளின் புலனாய்வாளர்களும் படிக்கும் இடம் அது.

போஸ்டிங் என்றால் பெரிய முகாம் உள்ள எந்த இடமும்: வட கரோலினாவில் ஃபோர்ட் பிராக், டெக்ஸஸில் ஃபோர்ட் ஹூட், ஹவாய், ஜெர்மனி, கொரியா. (இந்த பிராக்கும் ஹூட்டும் 2023-ல் பெயர் மாறி 2025-ல் பழைய பெயருக்கே திரும்பிவிட்டன. பழைய செய்திகளைத் தேடும்போது குழம்ப வேண்டாம்.) ராணுவத்தில் இருக்கும்வரை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மூட்டை கட்டுவது சகஜம். கொரியா பெரும்பாலும் ஒரு வருடம்தான், குடும்பத்தை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். நடுவில் பாதுகாப்புப் பணிக்கும் இழுப்பார்கள். பாதுகாப்பு அமைச்சர், கூட்டுப்படைத் தலைவர் ஆகியோருக்குக் காவலாகப் போவது சிஐடி ஆட்கள்தான்.

#4 குறுக்கு விசாரணை

வக்கீல் என்ற முறையில் ஒன்று. தம்பி முதலில் படிக்க வேண்டியது அவர்களுடைய ராணுவச் சட்டத் தொகுப்பின் 31-ஆம் பிரிவு. சந்தேகத்துக்குரியவனிடம் கேள்வி கேட்கும் முன் "உன் மீது இந்தச் சந்தேகம் இருக்கிறது, நீ பேச வேண்டியதில்லை, பேசினால் உனக்கு எதிராக வரும்" என்று சொல்லியே ஆக வேண்டும். சினிமாவில் போலீஸ் கைவிலங்கு மாட்டிக்கொண்டே ஒப்பிப்பது மிராண்டா எச்சரிக்கை. அது 1966 தீர்ப்பு, காவலில் வைத்து விசாரித்தால்தான் தேவை. இந்த 31-ஆம் பிரிவு 1951-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது, காவலில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சந்தேகம் எழுந்தாலே போதும்.

காரணம் எளிமையானது. மேலதிகாரி கேட்டால் பதில் சொல்வது சிப்பாயின் ரத்தத்தில் ஊறியது. "என்ன நடந்தது?" என்று சார்ஜென்ட் கேட்டாலே உளறிவிடுவான். அதைத் தடுக்கத்தான். இதை மறந்து வாங்கிய வாக்குமூலம் கோர்ட் மார்ஷலில், அதாவது ராணுவ நீதிமன்றத்தில், நிற்காது.

#5 டல்லாஸ் சித்தப்பா

ரொம்ப நன்றி சார். அப்படியானால் இவன் ஒரு சாதாரண சார்ஜென்ட். எதிரில் ஒரு கர்னல் மீது புகார் வந்தால்? "நீ யாருடா என்னைக் கேட்க" என்று அவர் எழுந்து போய்விட மாட்டாரா?

#6 பழைய பூட்ஸ்

அதற்குத்தான் சிவில் உடுப்பு. ஏஜென்டின் ரேங்க் வெளியே தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். "ஸ்பெஷல் ஏஜென்ட் இன்னார்" அவ்வளவுதான். நான் சாட்சி சொன்னபோது என்னை விசாரித்தவர் எனக்கு மேலா கீழா என்று கடைசி வரை தெரியவில்லை.

ஆனால் உங்கள் கேள்வி அதைவிடப் பெரிய இடத்தில் கை வைக்கிறது. கர்னலை ஏஜென்ட் கேட்டுவிடுவான் ஐயா. ஏஜென்டின் மேலாளரை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதுதான் இந்த அமைப்பின் முழு வரலாறும்.

முதல் உலகப்போரின் முடிவில், 1918-ல், பிரான்ஸில் இருந்த அமெரிக்கப் படைக்குள் திருட்டும் கள்ளச்சந்தையும் பெருகியபோது ஜெனரல் பெர்ஷிங் மிலிட்டரி போலீஸுக்குள் இந்தப் பிரிவை உருவாக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஏஜென்டுகள் அந்தந்த இடத்துக் கமாண்டருக்குக் கீழேதான் இருந்தார்கள். யாருடைய முகாமோ அவருடைய ஏஜென்ட். முகாமின் பெயர் கெட்டால் கமாண்டரின் பதவி உயர்வு போகும். அப்புறம் வழக்கு எப்படி நகரும்?

வெடித்தது 1969-ல். வியட்நாமிலும் ஜெர்மனியிலும் சார்ஜென்டுகளுக்கான கிளப்களில் பணம் சுருட்டியதாக ஒரு கும்பலின் பெயர் செனட் குழு முன் வந்தது. அதில் வில்லியம் வூல்ட்ரிட்ஜ், மொத்த ராணுவத்துக்கும் முதல் சார்ஜென்ட் மேஜராக இருந்தவர். அவர் மீதான விசாரணையை முடக்கியது யார் என்று பார்த்தால், சாட்சியம் கார்ல் டர்னர் பக்கம் கை காட்டியது. டர்னர் யார்? ராணுவத்தின் தலைமைப் போலீஸ் அதிகாரி, ப்ரோவோஸ்ட் மார்ஷல் ஜெனரல். புலனாய்வாளர்களுக்கே மேலதிகாரி! போலீஸ் பறிமுதல் செய்த துப்பாக்கிகளை ராணுவத்துக்கு என்று கேட்டு வாங்கித் தானே விற்ற வழக்கில் 1971-ல் அவர் சிறைத் தண்டனை பெற்றார்.

அதே 1971 செப்டம்பர் 17 அன்றுதான் சிஐடி தனிக் கமாண்ட் ஆனது. உலகம் முழுக்க இருந்த ஏஜென்டுகள் உள்ளூர்க் கமாண்டரின் பிடியிலிருந்து விலகி ஒரே தலைமைக்குக் கீழே வந்தார்கள். தம்பி இன்று கோட்டு போட்டுக்கொண்டு கர்னல் முன் உட்கார முடிகிறது என்றால் டர்னருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

#7 கைரேகை

பூட்ஸ் அண்ணா சொல்வது சரிதான், ஆனால் பாதிதான். நான் தடயவியல் துறையில் வேலை பார்க்கிறவன், என் பார்வை வேறு. யாருக்குக் கீழே இருந்தாலும் வேலை தெரியாதவன் போனால் வழக்கு நாசம். ஜெஃப்ரி மெக்டொனால்ட் வழக்கைப் பாருங்கள்.

1970 பிப்ரவரி 17, விடிகாலை, ஃபோர்ட் பிராக் குடியிருப்பு. ராணுவ டாக்டர் மெக்டொனால்டின் கர்ப்பிணி மனைவியும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளும் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். ஹிப்பி கும்பல் ஒன்று வந்து தாக்கியது என்றார் டாக்டர். சிஐடி ஆட்கள் வருவதற்குள் மிலிட்டரி போலீஸ்காரர்கள் கூட்டமாக உள்ளே புகுந்து நடந்துவிட்டார்கள். விழுந்து கிடந்த பூந்தொட்டியை யாரோ நிமிர்த்தி வைத்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அங்கிருந்து டாக்டரின் பர்ஸை எடுத்துக்கொண்டு போனார். டாக்டர் போட்டிருந்த பைஜாமா கால்சட்டை ஆஸ்பத்திரியில் குப்பையோடு போய்விட்டது. ரத்தத்தில் பதிந்த காலடித் தடத்தைத் தரையோடு அறுத்து எடுக்கப் போய் அதுவும் சிதைந்தது. அந்த வருடம் அக்டோபரிலேயே ராணுவ விசாரணையில் குற்றச்சாட்டு தள்ளுபடி.

இதில் அபூர்வமான விஷயம், வீட்டில் இருந்த நான்கு பேருக்கும் நான்கு வேறு ரத்த வகை. டிஎன்ஏ வராத காலத்தில் அது ஒரு ஆய்வாளருக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். எந்த அறையில் யார் ரத்தம் என்று வரைபடம் போட முடிந்தது. 1971-ல் சிஐடி வேறு குழுவைப் போட்டு எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து விசாரித்தது. கடைசியில் 1979 ஆகஸ்டில் ராலியில் சிவில் ஜூரி முன் தண்டனை, மூன்று ஆயுள். அவர் இன்றுவரை மறுக்கிறார், மேல்முறையீடுகள் நிற்கவில்லை. முதல் இரண்டு மணி நேரத்தில் கதவருகே ஒருவரை நிறுத்தி யாரையும் உள்ளே விடாமல் இருந்திருந்தால் அந்த ஒன்பது வருடம் தேவைப்பட்டிருக்காது என்பது என் கருத்து. தம்பி இப்போது மிலிட்டரி போலீஸ்தானே? கேட்டில் நிற்பதும் கயிறு கட்டுவதும் கேவலமான வேலை இல்லை என்று சொல்லுங்கள்.

#8 பருத்தித்துறை

அண்ணைமார் கோபிக்கக் கூடாது. கோட்டு, ரத்த வகை எல்லாம் சரி. ராணுவம் தன் ஆளைத் தானே விசாரித்து எங்கே நீதி கிடைத்திருக்கு? வியட்நாமில் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்களால் கொல்லப்பட்டவர்கள் அமெரிக்கக் கணக்கில் 347, வியட்நாமியர் கணக்கில் 504. தண்டனை பெற்றது லெப்டினன்ட் கேலி ஒருவர் மட்டும், அதுவும் ஆயுள் என்று தீர்த்து மூன்றரை வருட வீட்டுக்காவலோடு முடிஞ்சுது. எங்கட பக்கம், இலங்கையில், மிருசுவில். 2000 டிசம்பரில் எட்டுத் தமிழர் கொல்லப்பட்டு, தப்பி வந்த ஒருவரின் வாக்குமூலத்தில் தொடங்கி, 2015-ல் ஒரு சார்ஜென்டுக்கு மரண தண்டனை என்று தீர்ப்பு வந்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பு.

பிரிட்டன் மட்டும் திறமோ? ஆப்கானிஸ்தானில் சிறப்புப்படை செய்ததாகச் சொல்லப்பட்ட கொலைகள் உட்பட அவர்களின் ராணுவப் போலீஸ் 600-க்கு மேற்பட்ட முறைப்பாடுகளை விசாரித்து 2019-ல் ஒருவர் மீதும் வழக்கில்லாமல் மூடினது. ராணுவப் போலீஸ் பார்க்கக் கேட்ட கணினித் தரவுகளை, அவர்கள் பார்க்க முன்னமே சிறப்புப்படைத் தலைமையகம் அழித்துவிட்டது என்று பிறகு அமைந்த ஆணைக்குழுவில் சொல்லப்பட்டது. புலனாய்வாளர் நல்லவராகவே இருக்கட்டும், கதவைத் திறக்காவிட்டால் அவர் என்ன செய்வார்?

#9 பழைய பூட்ஸ்

கோபம் ஏன் தம்பி, நியாயமான கேள்வி. மை லாயையே எடுத்துக்கொள்வோம்.

சம்பவம் 1968 மார்ச் 16. ஒரு வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. 1969 மார்ச்சில் ரான் ரைடனவர் என்ற முன்னாள் சிப்பாய் தான் கேள்விப்பட்டதை எழுதி வாஷிங்டனில் இருந்த பலருக்கு அனுப்பினார். முதலில் ராணுவ இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் விசாரித்தது, ஆகஸ்டில் சிஐடியிடம் வந்தது. ஆந்த்ரே ஃபெஹர் என்ற வாரன்ட் ஆபீசர், அதாவது ரேங்கில் ஒரு லெப்டினன்டுக்கும் கீழே இருப்பவர், ஊர் ஊராகப் போய்ப் பழைய சிப்பாய்களைத் தேடிப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டார். ராணுவப் புகைப்படக்காரர் ஹேபர்லி தன் சொந்தக் கேமராவில் எடுத்த வண்ணப் படங்கள் கைக்கு வந்ததும் அந்த மாதம்தான். செய்தித்தாள்களுக்குக் கதை தெரிவதற்கு இரண்டு மாதம் முன்பே, செப்டம்பரில், கேலி மீது குற்றச்சாட்டு பதிவாகிவிட்டது. புலனாய்வு தன் வேலையைச் செய்தது. அப்புறம் நடந்ததற்கு ஜூரியும் தளபதிகளும் வெள்ளை மாளிகையும் பொறுப்பு. நீங்கள் சொன்ன மிருசுவிலும் அதே ரகம்தானே? தண்டனையை நீக்கியது விசாரித்தவர் இல்லை.

ஆனால் உங்கள் பக்கமும் ஒரு சாட்சி நானே தருகிறேன். 2010, காந்தஹார் மைவாண்ட் மாவட்டம். ஒரு பிளட்டூனின் சில சிப்பாய்கள் அப்பாவி ஆப்கானியர்களைக் கொன்று சண்டையில் இறந்தவர்கள் என்று கணக்குக் காட்டினார்கள். அந்த பிளட்டூனில் இருந்த ஒரு பையன் பிப்ரவரியிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டான். அப்பா அமெரிக்காவில் இருந்து ராணுவத்தின் பல எண்களுக்குப் போன் போட்டார், சிஐடிக்கும் தகவல் விட்டார். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. மே மாதம் வேறொரு சிப்பாய் கஞ்சாப் புகையைப் பற்றிப் புகார் செய்து அடி வாங்கினான். அந்தப் போதை வழக்கை விசாரிக்கப் போன இடத்தில்தான் கொலைகள் வெளியே வந்தன. தலைவனாக இருந்தவனுக்கு ஆயுள், இன்னொருவனுக்கு 24 வருடம். அந்தப் போனை எடுத்திருந்தால் அதற்குப் பிறகு செத்தவர்கள் பிழைத்திருப்பார்கள்.

ஈராக்கில் கைதிகளை அமெரிக்கச் சிப்பாய்கள் வதைத்த அபு கிரைப் சிறை விஷயத்தில் மட்டும் கதவு உடனே திறந்தது. 2004 ஜனவரியில் ஜோசப் டார்பி படங்கள் அடங்கிய சிடியை சிஐடி அலுவலகத்தில் கொடுத்தார், வழக்கு உடனே பதிவானது.

#10 குறுக்கு விசாரணை

மை லாயில் ஒரு சட்டச் சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெஹர் தேடிப் போன பல பேர் அதற்குள் ராணுவத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள். பணியிலிருந்து விலகியவனைக் கோர்ட் மார்ஷலில் நிறுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1955-லேயே சொல்லிவிட்டது. எனவே வாக்குமூலம் இருந்தும் வழக்கு இல்லை. ராணுவப் புலனாய்வாளனுக்கு மட்டும் இருக்கும் தலைவலி இது. குற்றவாளி தப்பி ஓட வேண்டியதில்லை, ஒப்பந்தக் காலம் முடிந்து வீட்டுக்குப் போனால் போதும். இந்த ஓட்டையைச் சிவில் நீதிமன்றம் வழியாக அடைக்க 2000-ல்தான் ஒரு சட்டம் வந்தது.

#11 சும்மா வந்தவன்

இந்த இடத்தில் ஹெஸ் நகைத் திருட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1946, ஜெர்மனியில் க்ரோன்பெர்க் கோட்டை. பாதாள அறையில் புதைத்து வைத்திருந்த ராஜகுடும்ப நகையை அமெரிக்க அதிகாரிகள் மூன்று பேர் எடுத்துவிட்டார்கள்: கர்னல் ஜாக் டுரண்ட், கேப்டன் கேத்லீன் நாஷ், மேஜர் டேவிட் வாட்சன். இளவரசி கல்யாணத்துக்கு நகை கேட்டபோதுதான் பெட்டி காலி என்று தெரிந்தது. அதற்குள் டுரண்டும் நாஷும் அமெரிக்கா போய் அவசரக் கல்யாணமும் செய்துகொண்டார்கள், ஒருவர் மீது ஒருவர் சாட்சி சொல்ல வேண்டாமே! சிஐடி அவர்களைச் சிகாகோ ஹோட்டலில் மடக்கியது. நகையில் ஒரு பகுதி ரயில் நிலைய லாக்கரில். நாஷ் விடுவிப்புக்கு முந்தைய விடுப்பில் இருந்தார், இன்னும் முழுதாக வெளியேறவில்லை. அதனால் சிக்கினார். டுரண்டுக்கு 15 வருடம், நாஷுக்கு 5, வாட்சனுக்கு 3. சரி, நான் மறுபடி ஓரமாகப் போகிறேன்.

#12 வேலூர் சுபேதார்

நான் இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். நம் பக்கம் எப்படி என்று இளைஞர்கள் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

நம்மிடம் சிஎம்பி உண்டு, கார்ப்ஸ் ஆஃப் மிலிட்டரி போலீஸ். சிவப்புத் தொப்பி, பயிற்சி மையம் பெங்களூரு. 2021-ல் பெண் சிப்பாய்களின் முதல் அணி அங்கேதான் தேறி வந்தது, 83 பேர். ஆனால் அமெரிக்க சிஐடி போலத் தனித் தலைமையோடு வாழ்நாள் முழுக்க வழக்கு விசாரிக்கும் பெரிய அமைப்பு என்று இல்லை. சம்பவம் நடந்தால் கமாண்டர் கோர்ட் ஆஃப் இன்குவயரி போடுவார். வெவ்வேறு யூனிட்டில் இருந்து அதிகாரிகள் உட்கார்ந்து சாட்சி கேட்பார்கள். அவர்கள் தொழில்முறைப் புலனாய்வாளர்கள் அல்ல, நேற்றுவரை பீரங்கிப் படையிலோ சிக்னலிலோ இருந்தவர்கள். அதன் பிறகு சாட்சியங்களை எழுத்தில் பதியும் சம்மரி ஆஃப் எவிடென்ஸ், அப்புறம் கோர்ட் மார்ஷல்.

கொலை போன்றவற்றில் சிவில் போலீஸும் வரும். 2023 ஏப்ரலில் பட்டிண்டா முகாமுக்குள் நான்கு ஜவான்கள் சுடப்பட்டபோது எஃப்ஐஆர் போட்டு விசாரித்து ஆளைப் பிடித்தது பஞ்சாப் போலீஸ்தான். சிவிலியனைக் கொன்றாலோ பாலியல் வன்முறை செய்தாலோ, போர்முனைப் பணி போன்ற சில நிலைகள் தவிர, கோர்ட் மார்ஷல் விசாரிக்கவே கூடாது என்கிறது ராணுவச் சட்டம் 70-ஆம் பிரிவு. அந்த "சில நிலைகள்" காஷ்மீரிலும் வடகிழக்கிலும் பெரும்பாலான நேரம் பொருந்திவிடும் என்பது வேறு கதை.

#13 கைரேகை

ஐயா, நன்றி. பீரங்கிப் படையில் இருந்து வந்து விசாரிக்கிறார்கள் என்கிறீர்களே, அதே நோய் அமெரிக்காவிலும் வேறு வடிவத்தில் இருந்தது. 2020-ல் ஃபோர்ட் ஹூடில் வெனெஸ்ஸா கியென் என்ற பெண் சிப்பாயின் கொலை. ஏப்ரல் 22 அன்று காணாமல் போனார், உடல் கிடைத்தது ஜூன் 30. சந்தேகத்துக்குரிய சிப்பாயைச் சிஐடி ஆரம்பத்திலேயே விசாரித்திருந்தது. ஆனாலும் உடல் கிடைத்த பிறகு அவன் முகாமிலிருந்து வெளியே நழுவிவிட்டான், போலீஸ் நெருங்கியபோது தன்னையே சுட்டுக்கொண்டான். சுயேச்சைக் குழு அந்த டிசம்பரில் கொடுத்த அறிக்கையில் 70 பரிந்துரைகள். சிஐடி பற்றி அது சொன்னதன் சாரம்: அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சி முடித்துப் புதிதாக வந்தவர்கள், ஆள் போதவில்லை, அனுபவம் வருவதற்குள் மாற்றல் ஆகிவிடும்.

இதுதான் நான் சொல்ல வந்தது பூட்ஸ் அண்ணா. 1971-ல் சங்கிலியை அறுத்தார்கள், சரி. சுதந்திரம் கிடைத்து 49 வருடம் கழித்து ஹூடில் நடந்தது என்ன? நீங்கள் சொன்ன அந்த மூன்று வருடப் போஸ்டிங் இருக்கிறதே, புலனாய்வுக்கு அது விஷம். உள்ளூர் போலீஸோடு பழக்கம், போதை விற்பவன் யார், எந்த மோட்டலில் என்ன நடக்கும், இதெல்லாம் கைவருவதற்குள் அவன் கொரியாவுக்குக் கிளம்பிவிடுவான்.

#14 பழைய பூட்ஸ்

அதை மறுக்கவில்லை. ராணுவமே ஒப்புக்கொண்டுவிட்டது. 2021-ல் கமாண்டைக் கலைத்து மறுபடி டிவிஷன் ஆக்கி, என்சிஐஎஸ்ஸில் இருந்த கிரெகரி ஃபோர்டை முதல் சிவிலியன் இயக்குநராகக் கொண்டுவந்தார்கள். ஒரே இடத்தில் நீண்ட நாள் இருக்கும் சிவிலியன் ஏஜென்டுகளை அதிகமாக்குவதுதான் திட்டம்.

ஆனால் சிவிலியன் வந்தால் எல்லாம் தீரும் என்ற தொனிக்கு நான் உடன்பட மாட்டேன். என்சிஐஎஸ் பெரும்பாலும் சிவிலியன்களே இருக்கும் அமைப்பு. சிங்கப்பூரில் இருந்து அமெரிக்கக் கப்பல்களுக்குச் சப்ளை செய்த "ஃபேட் லெனர்ட்" வழக்கில் என்ன ஆனது? ஒப்பந்ததாரர் லெனர்ட் ஃபிரான்சிஸ் மீது விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே அந்த விசாரணைக் கோப்புகளை அவருக்கே கசியவிட்டது ஒரு என்சிஐஎஸ் ஏஜென்ட். பத்திரிகை நிருபர் இல்லை, கப்பல் கேப்டன் இல்லை, புலனாய்வாளரே! 2016-ல் அவருக்கு 12 வருடச் சிறை. ஒரே இடத்தில் நீண்ட நாள் இருந்தால் பழக்கம் வரும் என்கிறீர்கள். அந்தப் பழக்கமே வேறு மாதிரியும் போகும்.

மாற்றல் இல்லாமல் இருப்பது நல்லதுதான். அதைவிட முக்கியம் மேலே கதவு பூட்டாமல் இருப்பது. இதில் நான் பருத்தித்துறைத் தம்பி கட்சி. 2023 டிசம்பர் இறுதியில் இருந்து கொலை, பாலியல் குற்றம் போன்றவற்றில் வழக்குத் தொடர்வதா வேண்டாமா என்ற முடிவு கமாண்டர் கையில் இல்லை. தனி ராணுவ வழக்கறிஞர் அலுவலகம் எடுக்கிறது. ஏஜென்டின் கோப்பு வீணாகாமல் இருக்க இது எந்தப் பயிற்சியையும் விடப் பெரிது.

#15 கைரேகை

கோப்பு சரியாக இருந்தால்தானே வழக்கறிஞர் எடுப்பார்? இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை அண்ணா, பரவாயில்லை.

#16 குறுக்கு விசாரணை

இரண்டு பேரும் கவனிக்காத மூன்றாவது பக்கம் ஒன்று: ஏஜென்ட் தவறு செய்தால் எதிரில் இருப்பவன் என்ன ஆவான்? சிஐடி அறிக்கையில் ஒருவன் பெயரைச் சந்தேக நபராக ஏற்ற, குற்றம் நடந்தது என்று நம்பத்தகுந்த தகவல் இருந்தாலே போதும் என்பதுதான் நெடுங்கால விதி. வழக்கே நடக்காவிட்டாலும் அந்தப் பெயர் 40 வருடம் பதிவில் கிடக்கும். வேலைக்கான பின்னணிச் சோதனை, பதவி உயர்வு, துப்பாக்கி உரிமம், எல்லா இடத்திலும் வந்து நிற்கும்.

நேஷனல் கார்டு என்ற மாநில ரிசர்வ் படைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தால் ஊக்கத்தொகை என்று 2005-ல் ஒரு திட்டம் வந்தது. அதில் மோசடி என்று 2012-ல் சிஐடி பெரிய படையே அமைத்தது. 2014-ல் காங்கிரஸ் முன் மோசடி 100 மில்லியன் டாலர் வரை போகலாம் என்றார்கள். நிரூபணமானது அதில் ஒரு துளி. ஆனால் ஏராளமான சிப்பாய்களின் பெயர்கள் பதிவில் ஏறிவிட்டன. தவறாக ஏற்றியிருக்கிறோம் என்று ராணுவம் 2022 நவம்பரில் ஒப்புக்கொண்டு சுமார் 1,900 பேரின் கோப்புகளைத் திரும்பப் பார்க்கத் தொடங்கியது. பத்து வருடம். அதற்குள் எத்தனை பேர் வேலையை விட்டே போயிருப்பார்கள்! தம்பி ஏஜென்ட் ஆனால் அந்தப் படிவத்தில் ஒரு பெயரை எழுதும்போது இதை நினைக்கட்டும்.

#17 டல்லாஸ் சித்தப்பா

எல்லாவற்றையும் அவனுக்கு அனுப்பிவிட்டேன். நேற்று போனில் பேசினான். தற்கொலை வழக்குகள் பற்றிப் படித்ததும் கொஞ்சம் அமைதியாகிவிட்டான். அவன் யூனிட்டிலேயே ஒன்று நடந்திருக்கிறதாம், வீட்டில் சொல்லவே இல்லை. ஆனாலும் போகத்தான் போகிறானாம். பி.காம் பாதியில் விட்டவன் என்பதால் பண மோசடி வழக்குப் பக்கம் போக முடியுமா என்று கேட்கிறான். சிவிலியனாக மாறுவது எப்போது நல்லது என்றும் கேட்டான்.

#18 பழைய பூட்ஸ்

மோசடிப் பக்கம் போகலாம், அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ராணுவக் கொள்முதலில் நடக்கும் பெரிய ஊழல்தான் அவர்கள் வேலை. ஈராக் போர் சமயம் குவைத் முகாமில் மேஜர் ஜான் காக்கர்ஹம் குடிநீர் பாட்டில் ஒப்பந்தம் போன்றவற்றில் 9 மில்லியன் டாலருக்கு மேல் லஞ்சம் வாங்கினார். வீட்டில் சோதனை போட்டபோது யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதி வைத்த கணக்கே கிடைத்தது. 2009-ல் பதினேழரை வருடம். அங்கே தேவைப்படுவது துப்பாக்கி இல்லை, பேரேடு படிக்கத் தெரிந்த பொறுமை. ஆனால் நேராக அங்கே விட மாட்டார்கள். முதலில் சாதாரண முகாம் அலுவலகத்தில் எல்லா வகை வழக்கும் பார்க்க வேண்டும்.

சிவிலியன் வேலைக்குப் பட்டம் இருந்தால் பெரிய சாதகம். அவர்கள் எஃப்பிஐ ஏஜென்டுகளுக்கு உள்ள அதே 1811 வேலைப் பிரிவில் வருகிறார்கள், எனவே பின்னாளில் வேறு மத்திய அமைப்புக்கு மாறுவதும் எளிது. பி.காமை முடிக்கச் சொல்லுங்கள், ராணுவமே கல்விக்கட்டணம் தரும். விட்ட இடம் சென்னைக் கல்லூரியா, அமெரிக்கக் கல்லூரியா? சென்னை என்றால் மதிப்பெண் பட்டியலை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கொடுத்து கிரெடிட்டாக மாற்ற வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். 60 எட்டுகிறதா என்பதை அவன் முகாமின் கல்வி மையத்தில் முதலில் கேட்கட்டும்.

#19 டல்லாஸ் சித்தப்பா

சென்னைதான். மூன்று செமஸ்டர் முடித்தான். ஒரு பேப்பர் அரியர் இருப்பது அண்ணனுக்கே இன்னும் தெரியாது, அதனால் இந்த இழையின் லிங்கை யாரும் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். மதிப்பெண் பட்டியல் அண்ணி பீரோவில் இருக்கிறது, வாங்கி அனுப்பச் சொல்கிறேன்.